முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

டிசம்பர் 1, திங்கள்

பெண்கள் ஐக்கியத்தில் இன்று ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். எங்கள் சபைப் போதகரான ஐயரின் மனைவி, சபைக்கே ஐயரம்மா, அவர்களுடைய ஏற்பாடு. இந்த மாதம் முழுக்க ஒவ்வொருவரும் தினமும் மூன்று ஸ்தோத்திர காரியங்களை, அதாவது ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டியவற்றை, எழுத வேண்டுமாம். முப்பத்தொன்றாம் தேதி எல்லா நோட்டையும் வாங்கிப் படிப்பார்களாம். நன்றாக எழுதியவருக்குப் பரிசும் உண்டாம். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இப்போது என் நோட்டைத் திருத்த ஒருவர் வந்திருக்கிறார். அவருக்கு வயது முப்பத்தைந்து.

சரி, எழுதுகிறேன்.

1. மழை விட்டது.
2. அரிசியில் வண்டு இல்லை.
3. மகள் ஷெரின் லீவுக்கு வந்திருக்கிறாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. நேற்றைய முதல் ஸ்தோத்திரத்தை வாபஸ் வாங்குகிறேன்.

டிசம்பர் 4, வியாழன்

ஒட்டடை அடித்தாயிற்று. பரணில் இருந்த கிறிஸ்துமஸ் ஸ்டாரை இறக்கித் துடைத்து, வாசலில் கட்டச் சொல்லி ஷெரினிடம் கொடுத்தேன். ஸ்டூலில் ஏறினாள், வலது கையால் கயிற்றைப் பிடித்தாள், இடது கையைத் தோளுக்கு மேல் தூக்காமலே நின்றாள்.

"என்னட்டி, கை தூக்க வரலியா?"

"சுளுக்கும்மா. பஸ்ல கம்பியப் பிடிச்சிக்கிட்டு நின்னதுல."

ஸ்டாரை நானே கட்டினேன். பிறகு அறைக்குள் உட்காரவைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது பார்த்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. இது ஐயரம்மா படிக்கப்போகிற நோட்டு.

1. தைலம் இருந்தது.
2. ஸ்டாரில் பல்பு எரிகிறது.
3. அப்புறம் யோசித்து எழுதுகிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

கோயில் விட்டு வெளியே வந்தால் ஒரே கேள்வி. "மாப்பிள்ள வரலியா? ஷெரின் மட்டுமா வந்துருக்கா?" நாலு பேர் கேட்டார்கள். நாலு பேருக்கும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். ரூபன் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறவர். அவருக்கு லீவு கொடுக்க வேண்டியதும் அவர்தான். ஐந்தாவது ஆளும் கேட்டிருந்தால் வாயில் வேறு ஏதாவது வந்திருக்கும்.

ஐயரம்மா பிடித்துக்கொண்டார்கள். "நோட்டு எழுதுறீங்களாக்கா?"

"எழுதுதேன். மூணாவது காரியம்தான் மாட்ட மாட்டேங்கு."

"கஷ்டத்துலயும் ஸ்தோத்திரம் சொல்லிப் பழகணும்க்கா. பழகப் பழக வந்துரும்."

"எல்லாக் கஷ்டத்துலயுமா?"

அவர்கள் சிரித்த முகமாகத் தலையாட்டினார்கள். நல்ல பெண்தான். ஆனால் எனக்கு அந்தத் தலையாட்டலைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

டிசம்பர் 10, புதன்

ரூபன் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்திருக்கிறார், எனக்கு இல்லை. மூன்று நாள் உபவாச ஜெபத்தில் கலந்துகொண்டாராம், அழுதாராம், புது மனுஷன் ஆகிவிட்டாராம். இவர் அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படியொரு நிம்மதி. பல்லி விழுந்தால்கூட நல்ல சகுனம் என்று நம்பத் தயாராக இருக்கிற முகம்.

ஷெரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் எழுந்து கை கழுவினாள்.

ஸ்தோத்திரம் இன்றைக்கு விடுமுறை.

டிசம்பர் 14, ஞாயிறு

ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் கொடுத்தார்கள். வருடத்தின் கடைசி ஞாயிறு எங்கள் சபையில் ஸ்தோத்திர ஆராதனை. கவரின் மேல் பெயர் எழுத ஒரு கோடு, காரணம் எழுத ஒரு கோடு. சபைச் செயலாளர் தவமணி அண்ணாச்சி ஒவ்வொரு கவராக எடுத்து மைக்கில் வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்று சொல்ல வேண்டும். பல்வலி தீர்ந்ததற்காக, பேரனுக்கு நர்சரியில் இடம் கிடைத்ததற்காக, போர் போட்டதில் தண்ணீர் வந்ததற்காக. ஒரு வருடம் ஒருவர் பக்கத்து வீட்டு நாய் செத்ததற்காகக் கொடுத்தார். அண்ணாச்சி முகம் மாறாமல் வாசித்தார், நாங்களும் ஸ்தோத்திரம் சொன்னோம்.

போன வருடம் எங்கள் கவரை நான்தான் எழுதினேன். எழுத்து அழகாக இருக்கும் என்று இவர் என்னை எழுதச் சொன்னார். "மகளுக்கு தேவ சித்தப்படி நல்ல வரன் அமைந்து திருமணம் நடந்ததற்காக."

இந்த வருடக் கவரை இவரே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 16, செவ்வாய்

இந்த நோட்டை ஐயரம்மாவிடம் கொடுக்கப்போவதில்லை. பரிசு வேறு யாருக்காவது போகட்டும். ஆகவே உள்ளதை எழுதலாம்.

இன்று முந்திரிக்கொத்து போட்டோம். பயறு வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் உதிர்ந்துவிடும். ஷெரின் ஒரு கையாலேயே பிடித்தாள். நான் இரண்டு உருண்டை பிடிப்பதற்குள் அவள் ஒன்று.

திடீரென்று கேட்டாள். "எம்மா, ஜூலைல ஒரு நாள் காலைல போன் பண்ணுனேன்லா, ஞாவகம் இருக்கா?"

"இல்லியே."

"நான் பேச ஆரம்பிச்சேன். நீ, பால் பொங்குது, அப்புறமா கூப்பிடுதேன்னு வச்சிட்ட."

ஞாபகம் இருக்கிறது. அன்று அடுப்பில் பாலே இல்லை. அவள் குரலைக் கேட்டதும் விஷயம் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டால் ஏதாவது செய்ய வேண்டிவரும். அதனால் வைத்தேன். திரும்பக் கூப்பிடவும் இல்லை.

பிப்ரவரியில் முதல் தடவை வந்தாள். "கல்யாணமான புதுசுல எல்லாம் அப்பிடித்தான் இருக்கும், பொறுத்துப் போ" என்று சொல்லி அனுப்பினேன். ஆகஸ்டில் இரண்டாம் தடவை வந்தாள். அப்போது கன்னம் வீங்கியிருந்தது. பல்லில் சீழ் என்றாள். நானும் பல் டாக்டரிடம் போகலாம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அது பல் இல்லை என்று எனக்குத் தெரியும். "உபவாசம் இருந்து ஜெபம் பண்ணு, கர்த்தர் அவரு மனச மாத்துவாரு" என்றேன். தலையில் கை வைத்து ஜெபித்தேன், கண்ணீரோடுதான் ஜெபித்தேன். ஒரு டப்பா நிறைய அச்சு முறுக்கும் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு, பஸ் மறையும்வரை கையாட்டினேன். நவம்பர் 24-ஆம் தேதி மூன்றாவது தடவை வந்தாள். லீவுக்கு வரவில்லை. மாற்றுத்துணிகூட இல்லாமல் வந்தாள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு பக்கத்தின் மேலே ஐயரம்மா ஒட்டிக் கொடுத்த பூப்படத்தைப் பார்த்தால் சிரிப்பாக வருகிறது. உருண்டை பிடிக்கும்போது பாகு கையில் சுட்டது. வலித்தால் வலிக்கட்டும் என்று உருட்டிக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

ஐயரும் ரூபனுடைய அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். டீயும் முந்திரிக்கொத்தும் வைத்தேன். ஷெரின் அறையை விட்டு வெளியே வரவில்லை.

"எல்லா வீட்லயும் உள்ளதுதான மைனி" என்று ஆரம்பித்தார்கள் சம்பந்தியம்மா. "கோவத்துல கை நீட்டிட்டான். இப்ப ஜெபத்துல அப்பிடி அழுதாம்லா."

"அழுதாருல்லா, சந்தோசம். அழுதுட்டு அங்கனயே இருக்கட்டும்."

"என்ன மைனி இப்பிடிப் பேசுதிய!"

ஐயர் குறுக்கே வந்தார். கிறிஸ்துமஸ் சமாதானத்தின் பண்டிகை என்றார். குடும்பம் பிரியக்கூடாது என்றார். ஸ்தோத்திர ஆராதனை அன்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்தால் சபைக்கே ஆசீர்வாதமாக இருக்கும் என்றார்.

"ஐயா, என் பிள்ளைக்கு இடது கை மேல தூக்க வரல. அதுல சபைக்கு என்ன ஆசீர்வாதம்?"

இவர் என்னை முறைத்தார். ஐயர் டீயைக் குடித்து முடித்தார். ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார்கள். ஜெபத்தில் என் மனக்கடினம் நீங்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நான் ஆமென் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு இவர் கேட்டார், "நாளைக்கு நாம ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டா அவளுக்கு யாரு இருக்கா?" கோபத்தில் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதற்குப் பதில் ரூபனும் இல்லை.

டிசம்பர் 20, சனி

கேரல் பாட வந்த பையன்களில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவனுக்குத் தாடி கழன்று முந்திரிக்கொத்துத் தட்டில் விழுந்தது. ஷெரின் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பை அடக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து ஒரு வருடத்துக்கு மேலாயிற்று.

இந்த மாதத்தில் முதல் தடவையாக, யாரும் எழுதச் சொல்லாமல் எழுதுகிறேன். ஆண்டவரே, ஸ்தோத்திரம். இது ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது மூன்றாவது வேண்டாம்.

டிசம்பர் 22, திங்கள்

எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் வைத்துக் காட்டினார். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் உள்ள எலும்பு உடைந்து, யாரும் கட்டுப் போடாமல், கோணலாகவே ஒட்டியிருக்கிறது. உடைந்து நாலு மாதம் இருக்குமாம்.

"எப்பம்மா விழுந்தீங்க?" என்று கேட்டார்.

"விழலை சார்" என்றாள் ஷெரின்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சீட்டில் ஏதோ எழுதினார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து மாதங்களைப் பின்னால் எண்ணினேன். ஆகஸ்ட். நான் பஸ் ஏற்றிவிட்டதற்கு அடுத்த வாரம் என்றாள் ஷெரின்.

டிசம்பர் 25, வியாழன்

காலை ஐந்து மணி ஆராதனை. கோயில் நிறையக் கூட்டம். ஷெரின் என்னுடைய பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

பிரசங்கத்தில் ஐயர், மரியாளுக்குச் சத்திரத்தில் இடம் கொடுக்காதவர்களைப் பற்றிச் சொன்னார். எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு வருடமும் அந்தச் சத்திரக்காரனை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இன்று திட்ட முடியவில்லை. அவனாவது வந்தவர்கள் யாரென்று தெரியாமல் அனுப்பினான். நான் பெற்ற பிள்ளையை, தெரிந்தே, இரண்டு தடவை அனுப்பினேன்.

முழங்காலில் நின்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். "உமக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லி எல்லாரும் என்னை நெருக்குகிறார்கள். எதற்கு? உடைந்த எலும்பைக் கட்டுப்போடாமல் ஒட்டவைத்ததற்கா? அதற்குச் சொல்லமாட்டேன். அதற்குச் சொல்லச் சொல்லி நீர் கேட்டாலும் சொல்லமாட்டேன்." கொஞ்சம் சத்தமாகவே முணுமுணுத்துவிட்டேன் போல, பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் தோன்றியது. இந்தப் பிள்ளை கதவைத் தட்டி, உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறாளே, இதற்கு நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. சொன்னேன்.

மதியம் பிரியாணி. உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

டிசம்பர் 26, வெள்ளி

இவர் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது கேட்டேன், "காணிக்கைக் கவர் எங்க? இந்தத் தடவ காரணத்த நான் எழுதணும்."

"எழுதிக் குடுத்தாச்சு."

"என்னன்னு?"

"மகளும் மருமகனும் மறுபடி ஒண்ணு சேந்ததுக்காக."

"சேரவே இல்லியே!"

"விசுவாசத்தோட முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொன்னா அப்பிடியே நடக்கும்னு ஐயர் சொன்னாரு. ரூபனும் ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வாராரு. அண்ணாச்சி வாசிச்ச பெறவு, சபைக்கு முன்னால ரெண்டு பேரையும் நிக்கவச்சி ஐயர் ஜெபம் பண்ணுவாரு. அப்பிடியே கார்ல கூட்டிட்டுப் போயிருவாவ."

பரீட்சைக்கு முன்பே கோயிலில் காணிக்கை போடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், விசுவாசம் என்று நானே அவர்களைப் பாராட்டியும் இருக்கிறேன். அது அவர்களுடைய பரீட்சை, அவர்களே எழுதுவார்கள். இவர் காணிக்கை கொடுத்துவிட்டார், பரீட்சையை ஷெரின் எழுத வேண்டும்.

அவளிடம் சொன்னேன்.

"நானே போயிருதேன்மா. அவ்வளவு பேருக்கு முன்னால மாட்டேன்னு சொன்னா அப்பா சபைக் கமிட்டில எப்பிடித் தல நிமிந்து உக்காருவாவ?"

"கமிட்டி கெடக்கட்டும் ட்டி."

"சபையே ஸ்தோத்திரம்னு சொன்ன பெறவு நான் மட்டும் இல்லன்னு சொல்ல முடியுமா?"

இந்தத் தடவை பால் பொங்கவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 27, சனி

தவமணி அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கவரைத் திரும்பக் கேட்டேன்.

"பெட்டில போட்டாச்சு மைனி. ஆண்டவருக்குக் குடுத்தத எப்பிடித் திருப்பித் தர?"

"தப்பா எழுதியிருக்கு அண்ணாச்சி."

"பொன்ராஜ் தம்பி வந்து சொன்னா பாக்கலாம். நீங்க சொல்லி நான் எடுத்தா நாளைக்கி எம்மேலதான் பேச்சு வரும்."

பொன்ராஜ் என்பது இவர்தான். இவர் வரமாட்டார்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஷெரின் கோயிலுக்கு வரமாட்டேன் என்றாள். "நீ வரணும். எம்பக்கத்துல உக்காரு. ஒண்ணும் பேச வேண்டாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். நல்ல கையைத்தான் பிடித்தேன்.

ரூபன் ஆண்கள் பக்கம், இவருக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். காரைக் கோயில் வாசலிலேயே நிறுத்தியிருந்தார். ஷெரின் அந்தக் காரைப் பார்த்ததிலிருந்து என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அண்ணாச்சி வாசிக்க ஆரம்பித்தார். முழங்கால் வலி தீர்ந்ததற்காக, ஸ்தோத்திரம். மகன் வெளிநாடு போனதற்காக, ஸ்தோத்திரம். எங்கள் கவர் பதினேழாவது. அவர் கையில் எடுக்கும்போதே தெரிந்துவிட்டது, என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"பொன்ராஜ் தங்கபுஷ்பம் குடும்பத்தார், மகளும் மருமகனும் மீண்டும் இணைந்ததற்காக..."

எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணாச்சி, அது தப்பு. திருத்தி வாசிங்க."

ஐயர் எழுந்தார். "தங்கபுஷ்பம் அம்மா, ஆராதனை முடியட்டும். அப்புறமாப் பேசிக்கலாம்."

"வாசிச்சது எல்லாருக்கும் கேட்டாச்சுல்லா ஐயா. திருத்துனதும் எல்லாருக்கும் கேக்கட்டும்." என் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போனது. முப்பத்திரண்டு வருடம் அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் கத்திய குரல். "எம் மக ஒண்ணும் சேரல, சேரவும் மாட்டா. அவளுக்கு எலும்பு முறிஞ்சிருக்கு. ரெண்டு தடவ அவ எங்கிட்ட ஓடி வந்தா, ரெண்டு தடவயும் நாந்தான் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பினேன். போன வருசம் இந்தக் கல்யாணத்துக்கு ஸ்தோத்திரம்னு எழுதுனதும் இந்தக் கைதான். ஆண்டவரு என்னைய மன்னிக்கட்டும். இந்த வருசம் எங்க வீட்டு ஸ்தோத்திரம் இதுதான்: எம் மக உயிரோட வீட்டுக்கு வந்து சேந்துட்டா. எழுதிக்கிடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி கவரைப் பிடித்தபடியே நின்றார். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் எல்லாரும் மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். நாய் செத்ததற்கு ஸ்தோத்திரம் சொன்ன சபை.

"ஏன், இதுக்குச் சொல்ல மாட்டியளா? நீங்க சொல்லுத வரைக்கும் நான் உக்கார மாட்டேன்."

உட்காரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது, "ஸ்தோத்திரம்." ஐயரம்மா. அவர்கள் தம் வீட்டுக்காரர் நிற்கிற பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பார்த்தபடி இன்னொரு தடவை சொன்னார்கள், சத்தமாக. அதன்பிறகு எனக்குப் பின்னால் இருந்து ஒன்று, சுவரோரத்தில் இரண்டு. ஆண்கள் பக்கம் பாதிக்கும் மேல் வாய் திறக்கவில்லை. பரவாயில்லை. எனக்கு இவ்வளவு போதும் என்று உட்கார்ந்தேன். அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பதினெட்டாவது கவரை எடுத்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். ரூபன் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஷெரின் அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். நான் அவளுக்கும் காருக்கும் நடுவில் நடந்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் சொல்லவில்லை.

இவர் எங்களுக்கு முன்பே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போதுவரை என்னோடு பேசவில்லை. ஆனால் மதியம் ஷெரின் சோறு பரிமாறும்போது அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "வலிக்கா?" என்று கேட்டார். "வலிக்குப்பா" என்றாள். அதற்குமேல் அவரால் சாப்பிட முடியவில்லை.

கோயிலில் இருந்து வரும் வழியில் ஷெரின் சொன்னதை எழுதிவிட்டு முடிக்கிறேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்ததும் சொன்னாள்.

"எம்மா, மூணாவது தடவையும் நீ பஸ் ஏத்தி விட்டுருவன்னு தெரிஞ்சிதான் வந்தேன்."

"பெறவு ஏம்ட்டி வந்த?"

"ரெண்டு நாளாவது தூங்கிட்டுப் போலாம்னு."

நடுரோட்டிலேயே நின்று அழுதேன். கோயில் கூட்டம் மொத்தமும் எங்களைத் தாண்டிப் போனது. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.